நாத்தனார் வெள்ளி

அண்ணி,

காலையில் நம் பூக்கடை ஷட்டரைத் தூக்கியதும் மரிக்கொழுந்து வாசனை மூக்கில் ஏறியது. நேற்று கட்டியது போக மிஞ்சிய கொழுந்து, நீங்கள் உட்காரும் ஸ்டூலின் மேல் வாடிக் கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட மனசு வரவில்லை. உங்களைத் திட்ட வேண்டும் போலிருந்தது. நேரில் திட்டினால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். இப்போது அந்த வசதி உங்களுக்கு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நேற்று நாத்தனார் வெள்ளி. நீங்கள் போய்விட்டீர்கள், அது போகவில்லை.

இந்த வருஷத்தோடு அதை நிறுத்திவிடுவது என்றுதான் இருந்தேன். போர்டு வைக்கக்கூடாது, அன்றைக்குக் கடையே திறக்கக்கூடாது, கால் போன போக்கில் எங்காவது போய்விட்டு வர வேண்டும். எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைப்பதாக இருந்தது. "கொஞ்ச நாள் கடையில கூட இரும்மா. ஒரு ஆள் கிடைச்சதும் நீ வேலைக்குப் போயிடலாம்" என்றீர்கள். ஆள் கிடைக்கவே இல்லை. நான்தான் கிடைத்துவிட்டேனே.

ஊருக்கெல்லாம் நல்ல நாள் வந்தால் வீட்டில் இருப்பார்கள். நமக்கு நல்ல நாள் என்றால் கடை நாள். நல்ல நாள் இல்லாவிட்டால் அதை உண்டுபண்ணும் நாள். காதலர் தினம், அன்னையர் தினம், ஆசிரியர் தினம் எல்லாம் உங்களுக்குப் போதவில்லை. புத்தூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை போட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகிறவர்களைப் பார்த்ததும் உங்களுக்குக் கண் மின்னும். "நல்லபடியா வீட்டுக்குப் போறீங்க, வெறுங்கையோடவா போறது?" என்று ஒரு பந்து மல்லியைக் கையில் திணிப்பீர்கள். ஒரு தடவை பல் பிடுங்கிக்கொண்டு வந்த மனுஷரிடம்கூட விற்றீர்கள். பாவம், கன்னம் வீங்கி, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க முடியாமல் வாங்கிக்கொண்டு போனார். "நாள் தானா வராதும்மா, நாமதான் கூப்பிடணும்" என்பீர்கள். கூப்பிட்டீர்கள். வந்ததையெல்லாம் என் தலையில் கட்டினீர்கள்.

நாத்தனார் வெள்ளியில் மட்டும் என் வாயும் சேர்ந்துகொண்டது. ஆடியில் கோவிலுக்குப் பூ போகும், கல்யாண மாலை போகாது. நம் கடையோ கோவில் பக்கம் இல்லை. ஒரு ஆடிப்பெருக்கன்று என்னை ஸ்ரீரங்கத்துக்கு, அம்மா மண்டபத்துக்கு அழைத்துப் போனீர்கள். பெருமாள் தங்கச்சி காவிரிக்குச் சீர் கொடுக்க வந்திருந்தார். கூட்டம் நெருக்கித் தள்ளியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, நீங்கள் மட்டும் பெண்களின் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பாதித் தலை வெறுந்தலையா இருக்கு பாரு" என்றீர்கள். அப்புறம், "அண்ணன் சீர் குடுக்குறாரு சரி. அண்ணிக்காரி என்ன குடுத்தாங்க?"

"தாயார்தான் கோவில் படி தாண்ட மாட்டாங்களே அண்ணி. அவங்க எப்படி வருவாங்க?" என்றேன்.

சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் வலிக்கிறது. "அதான்! அவங்க வர முடியாது. அதனால நாத்தனாருக்குப் பூ குடுத்து அனுப்புறாங்க!"

"எந்தப் புராணத்துல இருக்கு?"

"போர்டுல இருக்கும்."

மறுநாளே போர்டு வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வெள்ளியன்று, வாழ வந்த பெண் தன் நாத்தனாரைத் தேடிப் போய்ப் பூக் கொடுக்க வேண்டும். மல்லியும் கனகாம்பரமும், இரண்டு முனையிலும் மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து எதற்கு என்று கேட்டதற்கு, அன்றைக்கு மண்டியில் அது மலிவு என்றீர்கள். முதல் வருஷம் நர்ஸுகள் நாலு பேர் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். அடுத்த வருஷம் எதிர்க்கடைக்காரர் நம் போர்டைப் பார்த்து எழுதினார், 'பாரம்பரிய' என்று ஒரு சொல்லையும் சேர்த்து. அப்புறம் அது வாட்ஸப்பில் ஐதீகமாக எனக்கே வந்தது. காட்டியபோது சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமலே வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு நாள் கூடிவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மாசி மாதம் நீங்கள் கண் மூடியபோது அழுதேன், வயிறு எரிய அழுதேன். பதினாறு நாள் தீட்டு என்று கடையைப் பூட்டினார் உங்கள் தம்பி. நாலாம் நாள் காலையில் விழிப்பு வந்தபோது வெயில் ஜன்னலுக்குள் வந்திருந்தது. எழுந்திருக்க வேண்டியதில்லை, மண்டிக்குப் போக வேண்டியதில்லை. படுத்தபடியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாழ வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே லீவு நீங்கள் செத்துக் கொடுத்ததுதான் அண்ணி. அந்த நினைப்பு வந்ததும் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி அழுதேன்.

பதினேழாம் நாள் கடை திறந்தாயிற்று. வருஷம் திரும்பும்வரை நம் வீட்டுக்குப் பண்டிகை கிடையாது. கடைக்கு எல்லாப் பண்டிகையும் உண்டு.

அந்தத் துக்கத்தையே சாக்காக வைத்துப் போன வாரம் காட்டூருக்கு, என் அம்மா வீட்டுக்குப் போன் போட்டேன். என் தம்பி பெண்டாட்டி ரேவதி வருஷா வருஷம் எனக்குப் பூ கொண்டுவருவாள், உங்களுக்குத் தெரியாததா. எங்கம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, இந்த வருஷம் ரேவதியை அனுப்பாதே. எங்களுக்குத் துக்க வருஷம்."

"துக்கம் உங்களுக்கு. வழக்கம் எங்களுக்கு. அதெல்லாம் விடக்கூடாது" என்றாள் அம்மா.

"என்ன வழக்கம்? எங்க கடையில ஆரம்பிச்சதும்மா அது. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"போடி. எங்க மாமியார் காலத்துலேருந்து செய்யறோம். உங்க அத்தைக்கு நான் குடுத்திருக்கேன், நீ அப்ப பொறக்கவே இல்ல."

சத்தியமாகச் சொல்கிறாள் அண்ணி. மரிக்கொழுந்து வாங்க மறந்து மாமியாரிடம் திட்டு வாங்கிய கதைகூடச் சொல்கிறாள். நான் போனை வைத்துவிட்டேன்.

போர்டு வைக்கவில்லை. வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? மண்டியில் கேட்காமலேயே மரிக்கொழுந்துக் கட்டைத் தூக்கிப் பையில் போட்டார்கள். "அக்கா, எனக்கு ரெண்டு முழம் எடுத்து வைங்க, நாத்தனார் வேற எங்க வாங்கினாலும் குறை சொல்லும்" என்று வாடிக்கைக்காரப் பெண்கள் போன் பண்ணினார்கள். நேற்றுக் காலை சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பஸ்ஸும் வந்தது. ஏறி எங்கே இறங்குவது? திரும்பி வந்து கடையைத் திறந்தேன்.

உச்சி வெயிலில் ரேவதி வந்தாள். கையில் வாழை இலைப் பொட்டலம்.

"எங்க வாங்கினே?"

"காட்டூர்லயே வாங்கிட்டேன் அண்ணி. உங்க கடையில வாங்கி உங்களுக்கே குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அவள் முகத்தில் வேர்வை. எனக்கு என்னமோ ஆகிவிட்டது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போர்டு, தாயார், மண்டியில் மலிவாகக் கிடைத்த மரிக்கொழுந்து. "இது பொய்டி. பூ விக்கக் கட்டின கதை. அடுத்த வருஷத்துலேருந்து இந்த வெயில்ல நீ அலைய வேண்டாம், அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, வேண்டாம் அண்ணி! நிறுத்திடாதீங்க."

"ஏன்?"

"கதைன்னு எனக்குத் தெரியும். போன வருஷமே பெரிய அண்ணி சொல்லிட்டாங்க." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "எங்க போறே, எப்ப வருவேன்னு அத்தை கேக்காம என்னை வெளியே விடறது வருஷத்துல இந்த ஒரு நாள்தான். உங்க வீட்டுல சாப்பிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடுறீங்களா? நான் அம்மா மண்டபம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"யாரோட?"

"யாரும் இல்லாமதான் அண்ணி. படித்துறையில சும்மா உக்காந்துட்டு வருவேன். போன வருஷமும் அப்படித்தான். பெரிய அண்ணிதான் அனுப்பி வச்சாங்க."

போன வருஷம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று என்னிடமும் அல்லவா சொன்னீர்கள்? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவள்மேல் இல்லை, உங்கள்மேல். ஆனால் எங்கம்மாவிடம் இருபத்து நாலு மணி நேரமும் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள்.

"போயிட்டு வா" என்றேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் அம்மா போன் பண்ணினாள். "வந்துட்டாளா? சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டுட்டு இருக்காம்மா. ரசம் நல்லாயிருக்குன்னு இன்னொரு தடவை ஊத்திக்கிறா."

என் வாயில் உங்கள் குரல் வந்தது. அதே இழுவை, அதே தைரியம். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டது இதுதான் போலிருக்கிறது.

சாயங்காலம் ரேவதி திரும்பி வந்தபோது புடவைக் கரை ஈரமாக இருந்தது. எங்கம்மா கண்ணில் படாமல் இருக்குமா? டேபிள் ஃபேனைக் கீழே இறக்கிவைத்துக் காய வைத்து அனுப்பினேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்தபோது இருந்த ரேவதி இல்லை அது. "அடுத்த வருஷமும் போர்டு வைப்பீங்கல்ல அண்ணி?" என்று பஸ் ஏறும்போது கேட்டாள். வைப்பேன் என்றேன்.

வைப்பேன்தான். இனி அதை நிறுத்த என்னால் முடியாது. அன்றைக்குக் கடையைப் பூட்டவும் முடியாது. பூட்டினால் அவள் எங்கே வருவதாகச் சொல்லிவிட்டு வருவாள்?

ஸ்டூலில் கிடந்த மரிக்கொழுந்தில் வாடாத ஒரு கொத்தைக் கிள்ளி என் தலையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் ஆள் வந்துவிட்டார், யாருக்கோ டிஸ்சார்ஜாம். விற்க வேண்டும்.

எனக்கும் நாத்தனார் என்று நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்குப் பூ கொடுக்க ஒருநாளும் நான் படி இறங்க வேண்டியிருந்ததில்லை, பக்கத்து ஸ்டூலுக்குக் கையை நீட்டினால் போதும். இப்போது கை நீட்டவும் ஆள் இல்லை. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் வெளியே போக ஒரு வெள்ளிக்கிழமை பண்ணி வைத்தீர்களே அண்ணி, நான் எங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போவேன்?