இரண்டாம் கியரில் லிகலானெங்

ஆகஸ்ட் 6

குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. வெந்நீர் ஊற்றிய பிறகுதான் வந்தது. பொரித்த மகோன்யா மாவுருண்டை எல்லாம் பள்ளிக்கூட வாசலிலேயே விற்றுப்போயிற்று. குளிருக்கு எண்ணெய்ப் பலகாரம் நன்றாக ஓடுகிறது.

மத்தியானம் செகொன்யானா வந்தான். இறந்துபோன என் வீட்டுக்காரர் மொகேத்தியின் தம்பி. மலைக்கு அந்தப்பக்கம் மாமியார் ஊரான லிகலானெங்கிலிருந்து வேனில் வந்து இறங்கியவன், எனக்கு வணக்கம் சொல்லும் முன்பே காரைச் சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்தான். அக்டோபரில் மாமியார் வீட்டில் எனக்குத் துக்கக் கறுப்பைக் கழற்றுகிறார்கள். அதையொட்டியே மொகேத்தியின் சாமான்களையும் பங்கு வைப்பார்களாம். கோட்டு, போர்வை, சேணம். காரும்.

"இங்க சும்மா நிக்கறதுக்கு என் வாசல்ல நிக்கட்டும் மதினி. உங்களுக்கு மலையில ஓட்டத் தெரியாது."

"உங்கண்ணனை ரோமா ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா?"

"அது மேசை மாதிரி ரோடு. அதுல மாடுகூட ஓட்டும்."

கறுப்பு உடுத்தியவள் குரலை உயர்த்தக் கூடாது. ஆண்களுக்கு எவ்வளவு வசதி.

போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சடங்குக்கு நீங்களே ஓட்டிட்டு வந்துட்டீங்கன்னா கார் உங்களுக்கு. பெரியப்பாகிட்டயும் சொல்லிடறேன்."

ஆகஸ்ட் 7

கார் போய்விட்டால்? அவர் இருமி இருமிக் கிடந்த கட்டில்தான் மிஞ்சும். அதை வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகட்டும்.

ஆகஸ்ட் 16

புசெலெட்சோ வந்தாள். என் நாத்தனார், மொகேத்திக்குத் தங்கை. மசேரு சாலையில் வேன் ஓட்டுகிறவள். அவள் வேனுக்குப் பிரேக் உண்டு, வாய்க்குக் கிடையாது.

புறப்படும் முன்பே தகராறு. கறுப்பு உடுத்தியவள் எந்த வண்டியிலும் கடைசி இருக்கையில்தான் உட்கார வேண்டும். ஸ்டியரிங் முன்னால் இருக்கிறது. நான் என்ன செய்ய?

அவள் கொஞ்சநேரம் மூக்கைச் சொறிந்தாள். "உனக்குப் பின்னால யாரும் இல்லைன்னா நீதானே கடைசி? பின் சீட்டைக் காலியா விடு. நான் முன்னால உக்காந்துக்கறேன். சரியாப் போச்சு."

"பாதிரியார் கேட்டா?"

"அவரையும் முன்னாலதான் உக்கார வைப்போம்."

புஷ்மென் கணவாய்க்குப் போனோம். ஏற்றத்தில் கார் தானே கியர் மாற்றிக்கொள்கிறது. ஒரு வளைவில் உறுமுகிறது, அடுத்த வளைவில் மூச்சு விடுகிறது, மறுபடி உறுமுகிறது. பாதியில் மறந்துபோய் யோசிக்கிற ஆள் மாதிரி. இறக்கம் அதைவிட மோசம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். ரப்பர் கருகிய நாற்றம். கடைசியில் மிதி மெத்தென்று உள்ளே போனது. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

"எங்கண்ணன் ஓட்டும்போதும் இந்த நாத்தம்தான்," என்றாள். "அப்பல்லாம் அவன் சாக்ஸுன்னு நெனச்சேன்."

ஆகஸ்ட் 17

இன்று காரின் பக்கமே போகவில்லை.

ஆகஸ்ட் 30

இதை எப்படி எழுதுவேன்?

கியர்க் கம்பியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. மேலே கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி. மொகேத்தி அதைத் தொட்டதே இல்லை. "அது ஜப்பான்காரன் விளையாட்டு" என்பார். புசெலெட்சோவுக்கும் தெரியாது. அவள் வேனில் எல்லாமே காலால் அமுக்கி, கையால் போடுவது. ஆனால் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "மதினி, இது நம்மளே கியர் போடறதுக்குடி. கிளட்ச்தான் இல்லை. இறக்கத்துல சின்ன கியர் போட்டா இன்ஜினே வண்டியப் பிடிச்சுக்கும்."

கணவாய் உச்சியில் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினேன். என் பக்கம் ஒருமுறை இழுத்தேன், இன்னொருமுறை இழுத்தேன். வேகம் காட்டும் கண்ணாடியில் 2 என்று விழுந்தது. கார் முனகியது. பிறகு — பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் மட்டக்குதிரையில் மலையிறங்கும்போது கடிவாளத்தை நம் பக்கம் இழுத்துப் பின்னால் சாய்வோமே, அதேதான். அதே இழுப்பு, அதே திசை. என் கைக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பிரேக்கில் காலே இல்லை. வளைவுக்கு முன்னால் லேசாகத் தொட்டால் போதும். குதிரையிடம் சொல்வதுபோல நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, வயிறு வலிக்க, கண்ணில் நீர் வழியச் சிரிப்பு. எதிரே குதிரையில் வந்த ஒருவர் துக்கத்துக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, அப்படியே நின்றுவிட்டார். கறுப்பு உடுத்தியவள் வாயெல்லாம் பல்லாகக் கார் ஓட்டுகிறாளே.

புசெலெட்சோ என் சால்வையை வாய்மேல் இழுத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "அழுவுதுங்க, பாவம். புருஷன் போயிட்டாரு."

செப்டம்பர் 5

இருக்கையை முன்னால் தள்ளினேன்.

இத்தனை நாளும் அவர் காலுக்கு இருந்த அளவிலேயே விட்டுவிட்டு, முதுகுக்குப் போர்வையை மடித்து வைத்து ஓட்டினேன். இன்று ஏற்றத்தில் போர்வை நழுவி, கால் மிதிக்கு எட்டவில்லை. இறங்கிப்போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன். பிறகு வந்து தள்ளினேன். "டக்" என்றது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 13

பீச் மரமெல்லாம் பூத்துவிட்டது. நானும் புசெலெட்சோவும் மொலிமோ ந்துசே ஏறினோம். கடவுளே துணை செய் என்று கணவாய்க்கே பேர் வைத்தவர்கள் ஏறிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏற்றத்துக்கும் இரண்டுதான். இரண்டில் வைத்துவிட்டால் யோசிக்காமல் ஒரே மூச்சாக ஏறுகிறது. சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தவள், இறக்கத்தில் வேகமாகப் போகும்போதே ஒன்றுக்கு இழுத்தேன். கார் மறுத்துவிட்டது. பீப் பீப் என்று திட்டல் வேறு.

"உன்னைவிட அதுக்குப் புத்தி இருக்கு," என்றாள். "முதல்ல பிரேக்கு, அப்புறம் கியரு. ஓடற குதிரைய ஒரேயடியா இழுத்தா நீதான் முன்னால போய் விழுவே."

செப்டம்பர் 21

தூக்கத்தில்கூடக் கை கம்பியைத் தேடுகிறது. எழுந்ததும் அடுத்த ஓட்டத்துக்கு நாள் எண்ணுகிறேன், கல்யாணத்துக்கு முந்தின வாரம் எண்ணின மாதிரி. துக்கத்தில் இருக்கிறவளுக்கு இது ஆகுமா? கேட்கவேண்டிய ஆள் மண்ணுக்குள் இருக்கிறார். அவரும் சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன். இல்லை, முதலில் கியர்பெட்டி போச்சே என்று கத்துவார். பிறகு சிரிப்பார்.

அக்டோபர் 11

லிகலானெங். மாமியார் வீட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

காலையில் செகொன்யானா என்னை அழைத்துப்போக வந்தான். சாவிக்குக் கை நீட்டினான். நான் ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் பின்கதவைத் திறக்கப் போனபோது, "பின்னால உக்காரக் கூடாது தம்பி, நான் கறுப்பு உடுத்தியிருக்கேன்," என்றேன். கொஞ்சம் முழித்துவிட்டு முன்னால் வந்தான். புசெலெட்சோ தன் வேனில் சபைப் பெண்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தாள், ஆரன் அடித்துக்கொண்டே.

மொலிமோ ந்துசேயில் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளியதும் பதறினான். "அதைத் தொடாதீங்க மதினி, உடைஞ்சுரும்."

"உடைஞ்சா என் காருதானே உடையுது."

"இன்னும் உங்க காரு ஆகலை."

ஏறினோம். மாவு மூட்டை லாரியைத் தாண்டினோம். புளூ மவுண்டன் உச்சியில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. அப்புறம் இறக்கம். இரண்டுக்கு இழுத்தேன். இன்ஜின் ஊளையிட்டது. செகொன்யானா வெறும் தரையில் பிரேக் மிதித்தான்.

"பிரேக்கு, மதினி, பிரேக்கு."

"இன்ஜின் பிடிச்சிருக்கு தம்பி. நீங்க கால வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

மூன்றாவது வளைவில் ஒரு வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. முன்சக்கரத்திலிருந்து புகை. கோட்டுப் போட்ட ஒருவர் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றப் போனார். நிறுத்தி, "தண்ணி ஊத்தாதீங்கய்யா, விரிசல் விட்டுரும், தானா ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு வந்தேன். செகொன்யானா திரும்பி அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தான். கொஞ்சதூரம் போனதும் மெதுவாக, "எனக்கு இந்த இறக்கம்னாலே பயம் மதினி. அதான் வேன்லயே வர்றது," என்றான்.

"அப்புறம் கார் எதுக்கு?"

"வாசல்ல நிக்கும்ல."

பெரியப்பா முற்றத்தில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்: "ஓட்டினாளா?"

செகொன்யானா என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "ஓட்டினாங்க. நல்லாத்தான் ஓட்டினாங்க. ஆனா இறக்கத்துல வண்டி ரொம்ப சத்தம் போட்டுச்சு."

"நீ போட்டதைவிடவா?" என்றாள் புசெலெட்சோ.

பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கோட்டு செகொன்யானாவுக்கு. சேணம் பெரியப்பா மகனுக்கு. கார் எனக்கு.

அக்டோபர் 12

விடியும் முன்பே குளிப்பாட்டி, கறுப்பைக் கழற்றி, நீலப்பூப் போட்ட புதுச் சட்டை கொடுத்தார்கள். தோளெல்லாம் குளிர்ந்தது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 2

இன்று ஞாயிறு. எங்கும் போகவேண்டிய வேலை இல்லை. இருந்தாலும் லிகலானெங்கையும் தாண்டி மன்ட்சொன்யானே வரை போய்வந்தேன், தனியாக. ஆற்றோரம் பச்சை. மேகத்தின் நிழல் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது, நானும் ஏறினேன். இதை வீட்டுக்குப் போனதும் மொகேத்தியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது. லேசாகப் பிரேக், பிறகு இரண்டுக்கு இழுத்தேன்.