எமிலின் ஐந்து கழகங்களும் தங்கராசாவின் வீடியோவும்

டோர்ட்மண்ட்,
வெள்ளிக்கிழமை.

மரியன்னை துணை.

அன்பு மகன் எமிலுக்கு,

இங்கே நானும் உன் பெரியம்மா பிளோறன்சும் சளியோடும் சண்டையோடும் சுகமாக இருக்கிறோம். அதேபோல அங்கே கோர்க்கில் நீயும் லிசாவும், அவள் வயிற்றுக்குள் இப்போதே பந்து உதைக்கும் சின்னவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதா துணைநிற்கட்டும். சுகம் விசாரித்தாயிற்று, இனித் திட்டப் போகிறேன். உன் அப்பாவும் அம்மாவும் போனபின் உன்னைத் திட்டும் உரிமை முழுதும் எனக்குத்தான் வந்து சேர்ந்தது, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் உனக்கு எடுத்த அழைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கொலோன் பேராலயத்தின் கோபுரம் வெட்கப்பட்டுக் குனிந்துவிடும், நீ ஒன்றையும் எடுக்கவில்லை. ஆகவே நீ கழகம் மாறும்போதெல்லாம் எழுதுவதுபோல இப்போதும் எழுதுகிறேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் காரியம் கெட்டுவிடும், அதனால் பெரியம்மா தாள் தாளாகப் படம் பிடித்து லிசாவின் போனுக்கு அனுப்புவாள். உன் அப்பா உனக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தந்தது இந்த நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உனக்கு இங்கே ஒரு கழகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், வைத்திருக்கிறார்கள். நீ வராவிட்டால் அந்த இடத்துக்குப் போலந்திலிருந்து ஒருவனை எடுத்துவிடுவார்கள், அவன் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கிறானாம்.

நத்தார்ப் பண்டிகைக்கு நீ பேசியபோது, கடைசிக் கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, முப்பது வயதுக்காரனை இனி யாரும் எடுக்கமாட்டார்கள், லிசாவின் அப்பாவின் டயர்க் கடையில் நிற்கப்போறன் பெரியப்பா என்று சொன்னாய். நான் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தேன். வைத்தபிறகு எனக்கு நித்திரை இல்லை. நான் யார்? இந்த ரூர் தேசம் முழுவதும் உள்ள விளையாட்டு வீரர்களின் வியர்வையைத் தன் ரதத்தில் ஏற்றிச் செல்லும் மாபெரும் தளபதி, அதாவது லோண்டரி வான் ஓட்டுபவன். என் ரதம் போகும் கழகங்களில் ஒன்று இங்கிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது, ஜெர்மனியின் நான்காம் பிரிவில் ஆடுகிறார்கள். அவர்களின் முன்கள வீரன் தை மாதத்தில் கால் முறிந்து படுத்துவிட்டான். அவனுக்காக நான் மனமார வருந்தினேன், ஒரு சிவப்பு விளக்கு பச்சையாகும் நேரம் வரைக்கும். அதன்பிறகு கோட்டுப் போட்டுக்கொண்டு நேரே போய்ப் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் பெயர் பென்ஜமின். பெயரைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் நம்முடைய பாஷையூர்ப் பங்கு ஆள் போலிருக்கும், ஆனால் அசல் ஜெர்மன்காரர், சிரிப்பை வங்கியில் போட்டுப் பூட்டி வைத்திருப்பவர். அவரிடம் நான், ஐந்து கழகங்கள் கண்ணீரோடு வழியனுப்பிய அயர்லாந்துப் புயல் ஒன்று என் வீட்டில் இருக்கிறது என்று எடுத்துவிட்டேன். அவர் அழுக்கு ஜேர்சி மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீடியோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்.

இந்த இடத்தில்தான் உன் கோபம் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். உன் ஆட்டங்களை நான் இத்தனை வருடமும் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன், அதை ஒழுங்காக வெட்டித் தர ஆள் வேண்டும். ஏஜெண்டுகள் செய்விப்பதுபோலச் செய்விக்கலாம் என்று நீ சொல்வாய். ஆனால் நம்மிடம் தங்கராசா இருக்கிறானே. கலியாணம், முதல் நன்மை, சாமத்தியச் சடங்கு என்று இந்தப் பக்கத்தில் அவன் கமரா படாத தமிழ் முகம் கிடையாது. கோல்களை மட்டும் எடுத்து மூன்று நிமிடத்துக்குள் முடி என்றுதான் நான் சொன்னேன், இது சத்தியம். தங்கராசா நெஞ்சில் கைவைத்துவிட்டான். அண்ணை, என்ர வாழ்க்கையில ஒருத்தரையும் நான் வெட்டினதில்லை, வெட்டினா சனம் பிறகு முகத்தில முழிக்குமோ, கோல் அடிச்சவனைக் காட்டிப்போட்டு ஓடினவனைக் காட்டாமல் விடேலாது என்றான். கலியாண வீடியோவில் பந்தியில் சோறு போட்டவனின் முழங்கை விடுபட்டாலே குடும்பங்கள் பிரிந்துபோன ஊர் இது, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். முடிவில் வந்தது நாற்பது நிமிடம். நீ ஒரு தாமரைப்பூவுக்குள்ளிருந்து எழும்புகிறாய், நாதஸ்வரம் முழங்குகிறது, நாலா பக்கமும் ரோஜா இதழ் கொட்டுகிறது.

ஆனால் மகன், அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் வாழ்க்கையே ஊர்வலம் போவதுபோல இருந்தது. முதலில் கோர்க் கழகம், பதினெட்டு வயது, மீசை முளைக்காத நீ தலையால் அடித்த முதல் கோல், அதைச் சுற்றித் தங்கராசா இதயம் போட்டிருக்கிறான். பிறகு இங்கிலாந்தின் வடக்கே அந்தக் கழகம், அங்கே ஒரு வருடம் முழுக்க நீ ஆட இறங்காமல் மாற்று வீரர் வாங்கில் இருந்ததையும் அவன் விடவில்லை, மாப்பிள்ளை மணவறையில் இருப்பதுபோல மெதுவாக வளையவந்து காட்டியிருக்கிறான். பிறகு ஸ்கொட்லாந்து, பந்தைக் காற்று ஒரு பக்கமும் உன்னை இன்னொரு பக்கமும் கொண்டுபோன மைதானம். பிறகு நோர்வே, பதினொரு கோல், பனிக்குள் நீ புகை விட்டுக்கொண்டு நின்றாய், அந்த வருடம் நான் இங்கே தேவாலய வாசலில் ஆட்களை மறித்து மறித்து உன் பெயரைச் சொன்னேன், பதினொன்றை முப்பதாக்கித்தான் சொன்னேன். கடைசியாக உன் நாட்டுக்கே திரும்பி மேற்குக் கரையில் அந்தக் கழகம், மழை, பாதி ஆட்டத்தில் இறக்கிவிடுவது, பாதி ஆட்டத்தில் கூப்பிட்டு எடுப்பது. இவ்வளவையும் பென்ஜமினிடம் கொடுத்துவிட்டு வந்தால், பெரியம்மா ஆனந்தம் தாங்காமல் வீடியோவைக் குடும்ப வட்சப்பில் போட்டுவிட்டாள். காலைக் கோப்பி ஆறுவதற்குள் பாரிஸ் பார்த்தது, ரொறன்ரோ பார்த்தது, அது கைமாறிப் போய் உன் பழைய கூட்டாளிகளும் பார்த்துவிட்டு உன்னை மணப்பெண் என்று கூப்பிடுகிறார்களாம். அதற்காக நீ போனை எடுக்காமல் இருப்பது நியாயம்தான். நானாக இருந்தால் பெரியப்பனை வானோடு சேர்த்து ரைன் நதிக்குள் தள்ளியிருப்பேன்.

இனி நான் சொல்லப்போவதில் வேடிக்கை இல்லை, அவசரப்படாமல் ஆறுதலாக வாசி. புதன்கிழமை மூட்டை எடுக்கப் போனபோது பென்ஜமின் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் கணினி, அதில் ரோஜா இதழ் கொட்டிக்கொண்டிருந்தது. என் லோண்டரி ஒப்பந்தமும் சேர்ந்து கிழிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார், தன்னிடம் வரும் வீடியோக்களில் கோல் மட்டும்தான் இருக்குமாம், மூன்று நிமிடத்தில் யாரும் கெட்டிக்காரன்தானாம், ஆனால் இதில் பந்து காலை விட்டுப்போன பிறகு நீ என்ன செய்கிறாய் என்று தெரிகிறதாம். நோர்வே ஆட்டத்தில் நீ மைதானத்தின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை ஓடிவந்து பந்தைப் பறித்ததைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார். எனக்கு உடம்பு பத்தடி வளர்ந்தது. அடுத்ததாக ஸ்கொட்லாந்து ஆட்டத்தை நிறுத்தினார். நீ விழுந்து எழும்புகிறாய், எழும்புமுன் இடது முழங்காலைத் தொடுகிறாய். பிறகு கடைசிக் கழகம். மாற்று வீரனாக இறங்க நீ படியால் வருகிறாய், நேராக வரவில்லை, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வருகிறாய். அதை யார் வீடியோவில் வைப்பான், தங்கராசாவைத் தவிர? பென்ஜமின் என்னைப் பார்த்து, அந்த முழங்கால் எப்படி என்று கேட்டார். தன் பழைய முன்கள வீரனும் வலியை ஒளித்து ஒளித்து ஆடித்தான் கடைசியில் கால் முறிந்தது என்றும், இன்னொரு ஒளிப்பவனைத் தான் எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

எமில், என் நாக்கில் அப்போது ஆயிரம் பொய்கள் இராணுவ உடுப்போடு வரிசையில் நின்றன. தேக்குமரக் கால் என்று சொல்லியிருக்கலாம், சின்ன வயதில் வந்த பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வானுக்குள் வந்திருந்து உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. அன்று பின்னேரம் பெரியம்மா லிசாவோடு கதைத்தாள். லிசாவின் மேல் கோபப்படாதே, அந்தப் பெண் எவ்வளவு நாளாக இதைத் தனியே வைத்துக்கொண்டிருந்தாளோ, கேட்ட உடனே அழுதுவிட்டாள். வலிக்குக் குளிசை போடாமல் நீ வீட்டுப் படி ஏறுவதில்லையாம், குளிசை டப்பாவைப் பந்துச் சப்பாத்துக்குள் ஒளித்து வைக்கிறாயாம், டொக்டர் ஸ்கான் எடுக்கச் சொல்லியும் இரண்டு தரம் போகவில்லையாம். ஏன் போகவில்லை என்று பெரியம்மா கேட்டதற்கு லிசா, படத்தைப் பார்த்தா எல்லாம் முடிஞ்சிடும் எண்டு அவருக்குப் பயம் ஆண்ட்டி என்றாளாம், பெரியம்மா தமிழாக்கிச் சொன்னது அப்படி. கழகம் உன்னை விட்டது வயதால் என்று நீ எங்களுக்குச் சொன்னாய். பரவாயில்லை.

நேற்று நான் திரும்பவும் போனேன். இந்த முறை கோட்டுப் போடவில்லை. பென்ஜமினிடம் சொன்னேன், வலிக்கிறது, நெடுநாளாக வலிக்கிறது, மருந்து போட்டுத்தான் ஆடியிருக்கிறான், ஸ்கான் எடுக்கவில்லை, பயப்படுகிறான் என்று. உன்னைக் கேட்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டேன். அவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பத்து மணி என்றார். கழகத்து டொக்டர் ஸ்கான் எடுத்துப் பார்ப்பார். ஆடலாம் என்றால் கோடை வரைக்கும் ஒப்பந்தம். முழங்காலை வெட்டித்தான் திருத்த வேண்டுமென்றால் இப்போதைக்கு எடுக்க முடியாது, ஆனால் யாரிடம் போவது என்று தான் சொல்வதாகச் சொன்னார். இனி இந்தக் கால் ஆடாது என்று டொக்டர் சொன்னால் அதையும் உன் முகத்துக்கு நேரே சொல்வாராம். இதில் எது வரும் என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ நினைத்தால் நினை. ஆனால் டயர்க் கடையிலும் குனிந்து நிமிரத்தான் வேண்டும், பிறக்கப்போகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கத்தான் வேண்டும். அந்தக் கால் பந்துக்கு மட்டும் உரியதில்லை.

பெரியம்மா இங்கே நாங்கள் யாத்திரை போகும் கெவலார் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறாள், உன் உயரத்துக்கு. நீ ஆறடிக்கு மேலே என்பது நேர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம், இப்போது அவ்வளவு பெரிய திரி எங்கே வாங்குவது என்று காலையிலிருந்து என்னைக் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டப்ளினிலிருந்து டுசெல்டோர்ஃபுக்கு விமானச் சீட்டு எடுத்து லிசாவுக்கு அனுப்பியாயிற்று. நான் வாசலில் நிற்பேன், நீ வராவிட்டாலும் கடைசி ஆள் வெளியே வரும்வரை நிற்பேன். என்னோடு கதைக்க விருப்பமில்லை என்றால் கதைக்காதே, வானில் பின்னால் ஏறி மூட்டைகளோடு இரு, காரியம் நடந்தால் போதும்.

மாதாவும் உன்னைப் பெற்றவர்களும் உனக்கும் லிசாவுக்கும் வரப்போகிற சின்னவருக்கும் நிழலாக நிற்கட்டும். மழைச்சட்டையை மறக்காதே, பழைய டொக்டரின் தாள்கள் எது இருந்தாலும் கொண்டுவா. எல்லாவற்றையும்விட முக்கியம், சனிக்கிழமை இரவிலிருந்து குளிசை போடாதே. டொக்டர் கையை வைக்கும்போது உனக்கு வலிக்க வேண்டும். விமானத்திலிருந்து நொண்டி நொண்டி இறங்கினாலும் வெட்கப்படாதே, பையை நான் தூக்குவேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
அம்புறோஸ்