போடாத குழி

போர்ட்டர்வில்,
கலிஃபோர்னியா.
14 அக்டோபர் 1996

அன்புள்ள டெல்பர்ட்டுக்கு மெர்ல் எழுதுவது.

உன் கடிதமும் பார்சலும் வியாழக்கிழமை கைக்கு வந்தன. நோரீன் இப்போது கைத்தடி இல்லாமல் தபால் பெட்டி வரை நடந்துவிட்டு வருகிறார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். ஐடஹோவில் அதற்குள் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே. இடுப்பில் தகடு வைத்தவருக்குக் குளிர் ஆகாது, பார்த்துக்கொள். இங்கே இன்னும் வெயில்தான். என் முழங்கால் வழக்கம்போல் படுத்துகிறது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இருக்கிறது.

பார்சலைப் பிரித்தால் உன் ஸ்பானர்கள். இனி உனக்கு அவை தேவைப்படாது, லைசென்சையும் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷம் சேர்ந்து கட்டிய வண்டியை ஒரு வளைவில் நாசமாக்கிவிட்டாயாம், என் உழைப்பையும் சேர்த்து. "மன்னித்துவிடு, மெர்ல்" என்று முடித்திருக்கிறாய். என்னிடம் நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். பதினாறு மாதங்களுக்கு முன்பே நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

கோழிப்பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்த பிக்கப் வண்டியை நீ இழுத்து வந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். மேலே இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்து, அடிச்சட்டமான சேசிஸை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு சாண் வெட்டிக் குறுக்கி வெல்டிங் செய்தோம். ஃபைபர் பாடி வந்து இறங்கியபோது நாம் இருவரே அதைத் தூக்கி வைத்தோம், 1932ஆம் வருஷத்து ரோட்ஸ்டர் கார் மாதிரியே இருந்தது. ஒரு கோடை முழுக்கத் தேய்த்தோம். அந்த அரிக்கிற ஃபைபர் தூசி உன் துணியிலிருந்து நோரீனின் துணிக்கும் ஒட்டி, அவர் சொறிந்துகொண்டே வந்து கேட்டாரே: "எனக்கும் இந்த வண்டிக்கும் ஒரே நாள்ல உடம்பு சரியில்லன்னா, நீங்க ரெண்டு பேரும் யாரை முதல்ல பார்ப்பீங்க?" நீ யோசிக்கிற மாதிரி மேலே பார்த்தாய். அவர் துடைக்கிற துணியை உன் மேல் எறிந்தார்.

அடியில் இருப்பது ஒரு வண்டியுடையது, மேலே இருப்பது இன்னொன்றைப் பார்த்து வார்த்தது. அதனால் ஸ்டியரிங் தண்டு நேராக இறங்கவில்லை. வெட்டி, நடுவில் மூட்டு வைத்து இணைத்தோம். மூட்டைத் தண்டோடு பிடிக்கிற திருகின் நுனி உட்கார, தண்டில் சின்னதாக ஒரு குழி துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் என்றைக்காவது வழுக்கும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் கார் கண்காட்சி. ஷெட்டுக்குள் நூற்றுநான்கு டிகிரி. டிரில் உள்ளே போக வேண்டுமென்றால் அப்போதுதான் மாட்டிய புகைக்குழாயை மறுபடியும் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ளலாம் என்று திருகைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கி விட்டேன். நீ பரிட்டோ பொட்டலங்களோடு உள்ளே வந்து, "குழி போட்டுட்டியாடா?" என்று கேட்டாய்.

"போட்டாச்சு. அதை இப்படிக் கொடு, பசிக்குது."

அவ்வளவுதான், டெல்பர்ட். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. மூச்சு விடுகிற மாதிரி வந்தது.

சனிக்கிழமை எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். சாயங்காலம் மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போகலாம் என்று சாவியை என்னிடம் நீட்டினாய். "முதல்ல நீங்க ஓட்டுங்க, மெர்ல், உங்க வண்டியும்தானே" என்று நோரீனும் சொன்னார். நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மரியாதைக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். அந்த நேரம் குழி என் ஞாபகத்தில் இருந்ததா இல்லையா என்று இத்தனை மாதமாக என்னையே கேட்கிறேன். இருந்தது.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில், நோரீன் உடைந்த இடுப்போடு உள்ளே கிடக்க, நெற்றியில் கட்டோடு நீ சொன்னாய்: "ஸ்டியரிங் என் கையில சும்மா சுத்துச்சு, மெர்ல். வண்டி திரும்பல." அதிர்ச்சியில் பேசுகிறாய் என்றார்கள். வேகம் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நடைவழியில் உன் மகள் ஜனீன், அம்மாவைக் கொன்னே போட்டிருப்பீங்களே என்று உன்னைப் பார்த்துக் கத்தினாள். உன் தோளில் கை வைத்து, இப்போது எதையும் யோசிக்காதே என்றவன் நான்.

மறுநாள் காலையில் நொறுங்கிய வண்டியைப் போட்டிருந்த இடத்துக்குப் போனேன். ஃபைபர் துண்டுகளை ஓரமாகக் குவித்திருந்தார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். திருகு தண்டைச் சுற்றி வளையமாகக் கீறியிருந்தது. யாரும் கேட்கவில்லை. தண்டையும் மூட்டையும் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குளிர்காலம் வருவதற்குள் நீயே போனில் சொல்ல ஆரம்பித்துவிட்டாய், வேகமாத்தான் போயிருப்பேன் போல என்று. விடு, நடந்தது நடந்துபோச்சு என்றேன். நீ ஊரை விட்டுப் போகும்போது பெட்டிகளை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான்.

நேற்று நெடுஞ்சாலைப் போலீஸ் அலுவலகத்துக்குப் போய், தண்டையும் மூட்டையும் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. பழைய கேஸ், கூப்பிடுவோம் என்றார்கள். என்ன செய்தாலும் சரி. உன் ஸ்பானர்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவற்றை நான் வைத்துக்கொள்வது முறையில்லை.

நோரீன் டாக்டரிடம் போகும்போது ஜனீன்தான் ஓட்டுகிறாள், நீ வீட்டிலேயே இருந்துவிடுகிறாய் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் செய். இதைக் கிழித்துவிடாமல் நோரீன் கையில் கொடு. நீ பக்கத்தில் நிற்காதே. நின்றால் எனக்காகப் பரிந்து ஏதாவது சொல்லிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். அவரே முழுசாகப் படிக்கட்டும், பிறகு ஜனீனும் படிக்கட்டும். அன்றைக்கு அந்த வளைவில் நீ சரியாகத்தான் ஓட்டினாய் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

மெர்ல்