கழுதைப்புலி பேசியதை நான் பேசியதாகக் கொண்டது குறித்து

அனுப்புநர்:
ராகிப் ஷர்மான்,
தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர்,
மேல் தெரு, கஃபர் லோஸ்,
இர்பித் மாவட்டம்.

பெறுநர்:
நகராட்சித் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், கஃபர் லோஸ்.

பொருள்: நகராட்சி நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குள் நான் நுழையத் தடை விதித்தது – விசாரணை அறிக்கையின் முடிவை மறு ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் லுஜைனுக்கு மூன்றரை வயது. சென்ற குளிர்காலம் வரை நாலைந்து சொற்களுக்கு மேல் அவளுக்குப் பேச வராது. காதில் குறையில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. இர்பித்தில் பேச்சுப் பயிற்சி தரும் மருத்துவர் எங்களிடம் சொன்னது இது: "டிவி அவகிட்ட பேசும், அவ பேசறத கேக்காது. ஒரு படப் புத்தகத்த எடுத்துக்கிட்டு மடியில உக்கார வைங்க. படத்தக் காட்டிக் கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு காத்திருங்க. புத்தகத்துல இருக்கற மாதிரியே படிக்காதீங்க, அது அவளுக்கு வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் மாதிரி இருக்கும். வீட்டுல பேசற மாதிரி சொல்லுங்க." இந்தக் கடைசி வாக்கியம்தான் இன்று எனக்கு எதிராக நிற்கிறது என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

2. என் மனைவி நுஹா மருத்துவமனையில் செவிலி. பிற்பகல் முறை வேலை. படப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல நூலகம் அனுமதிப்பதில்லை. எனவே பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மகளை நானே நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். முதலில் அவள் பக்கங்களைப் புரட்டுவதோடு சரி. நான் கேட்பேன், காத்திருப்பேன், அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகுவாள். ஒருநாள் கிணற்றுப் படம் ஒன்றில் காலி வாளியைத் தொட்டு, "தண்ணி இல்ல" என்றாள். அதுதான் அவள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசிய முதல் பேச்சு. வாரம் ஒருமுறை குழாய் திறக்கிற நம் ஊரில் பிறந்த பிள்ளைக்கு வேறென்ன வரும் என்று நுஹா சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள்.

3. நான் படிப்பதைக் கேட்க மற்றக் குழந்தைகளும் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர்களை விரட்டவும் இல்லை. நூலகப் பொறுப்பாளர் திருமதி இன்ஸாஃப் அவர்கள், "லுஜைன் அப்பா, நீங்கதான் இருக்கீங்களே, கொஞ்சம் பாத்துக்கங்க. நான் கீழ போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிச் செல்வது வழக்கம். தாம் ஒருபோதும் அறையை விட்டு அகன்றதில்லை என்றும், குழந்தைகளைக் கூட்ட வேண்டாம் என்று என்னைப் பலமுறை எச்சரித்ததாகவும் அவர் இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்.

4. அப்படி வந்தவர்களில் ஒருத்தி தீமா, வயது நான்கு. மருந்துக்கடை முன்திர் அவர்களின் மகள். சம்பவ நாளன்று நான் படித்தது ஓர் ஆட்டுக்குட்டியும் கழுதைப்புலியும் வரும் புத்தகம். குகை வாசலில் நின்றுகொண்டு கழுதைப்புலி குட்டியை அழைக்கிறது. நான் குரலைத் தடிப்பாக்கி அதைச் சொன்னேன். பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள். அன்று மாலை தீமா தன் வீட்டில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, "உள்ள வா கண்ணு, தேன் தர்றேன், அம்மாகிட்ட சொல்லிடாத" என்றிருக்கிறாள். இதை யார் சொன்னது என்று கேட்டதற்கு, "லுஜைனோட அப்பா" என்றிருக்கிறாள். குழந்தை பொய் சொல்லவில்லை ஐயா. அவளைப் பொறுத்தவரை அதைச் சொன்னது நான்தான்.

5. முன்திர் நேராகக் காவல் நிலையம் சென்றார். அங்கே என்னை அழைத்து, மரியாதையாக நாற்காலி போட்டு, தேநீரும் கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. அது கழுதைப்புலியின் பேச்சு என்றேன். வழக்கு ஏதும் பதியவில்லை. ஆயினும் நகராட்சியின் விசாரணை அலுவலர் அந்தப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார். அதில் அச்சாகியிருப்பது: "உள்ளே வருக, குழந்தாய். உனக்குத் தேன் அளிப்பேன். உன் அன்னையிடம் இதனைக் கூறாதே." அதற்கு எதிரே குழந்தை சொன்னதை எழுதி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, "மேற்படி வாக்கியம் புத்தகத்தில் காணப்படவில்லை" என்று அவர் முடிவு எழுதினார்; அதன்பேரில்தான் எனக்கு இந்தத் தடை. எந்தக் குழந்தை தன் பொம்மையிடம் "வருக, குழந்தாய்" என்று பேசும் என்று கேட்டேன். 

6. என் சந்தேகங்களையும் பதிவு செய்கிறேன். விசாரணை நடந்த அன்றே குழந்தைகள் பிரிவின் புத்தக அலமாரி பூட்டப்பட்டது ஏன்? மாடிப்படியில் உள்ள கேமரா வேலை செய்யவில்லை என்கிறார்கள். அது எப்போது பழுதானது என்று யாருக்கும் தெரியவில்லை. பொறுப்பாளர் எத்தனை முறை கீழே இறங்கினார் என்பதை அந்த ஒரு கேமராதான் பார்த்திருக்கும். அறிக்கை என் கைக்கு வருமுன் ரொட்டிக்கடைக்கு எப்படிப் போனது? அங்கே என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திய இருவரில் ஒருவர் தங்கள் அலுவலகத்து எழுத்தர். மோட்டார் பழுதுக்கு என்னைக் கூப்பிடும் வீடுகளில் இப்போது பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள். இதுவும் சந்தேகமாக இருக்கலாம். எல்லாவற்றையும் சந்தேகிக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

7. எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதுகிறேன். காவல் நிலையத்திலிருந்து நான் திரும்பிய அன்று, நான் கை கழுவும்போது, நுஹா மகளைத் தனியே சமையலறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "செல்லம், அப்பா உனக்கு என்ன சொல்லித் தர்றாரு? அம்மாகிட்ட சொல்லு" என்று கேட்டது என் காதில் விழுந்தது. குழாயை மூடாமல் நின்றேன். பேச்சே இப்போதுதான் வந்திருக்கும் பிள்ளை. அவளிடம் இருக்கும் சொற்களைக் கொண்டு என்னைக் காப்பாற்றவும் முடியும், கவிழ்க்கவும் முடியும். அவள், "கழுதப்புலி... குட்டி ஓடிடுச்சு... கழுதப்புலிக்குத் தேன் இல்ல" என்றாள். அத்தனை நீளமாக அவள் அதுவரை பேசியதில்லை. எங்கள் இருவராலும் அன்று அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. கேட்டது தப்பா என்று பிறகு நுஹா என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். இருந்தாலும், அதற்குப் பின் வீட்டில் நான் மகளுக்குக் கதை சொல்லும்போது அறைக் கதவைத் திறந்தே வைக்கிறேன்.

8. முன்திர் அவர்களை ஒருநாள் தெருவில் எதிர்கொண்டேன். "உங்கமேல எனக்குப் பகை கிடையாது. பொண்ணப் பெத்தவன் நான். கேக்காம இருந்திருந்தா நான் மனுஷனா?" என்றார். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றேன். அவர் தன் கடைப் பக்கம் திரும்பி நடந்தார். என்னை நம்பிவிட்டாரா என்பது தெரியவில்லை. அவர்மீது எந்த நடவடிக்கையும் கோரவில்லை; அவர்மீது எடுக்கவும் கூடாது.

9. ஆகவே தாங்கள் செய்ய வேண்டியதாக நான் வேண்டுவது:

விசாரணை அறிக்கையின் அந்த ஒற்றை வரியை, பேச்சையும் எழுத்தையும் பிரித்தறியத் தெரிந்த ஒருவரைக் கொண்டு திருத்த வேண்டும். அலமாரியைத் திறக்க வேண்டும். அறையில் எப்போதும் ஒரு பணியாளர் இருக்க வேண்டும். என்மீதும் ஒரு கண் இருக்கட்டும், அதற்கு நான் சம்மதம்.

இன்னொன்று. அன்று கழுதைப்புலி அழைக்கிற பக்கத்தில் இருந்தபோதே தீமாவைக் கூட்டிப்போக அவள் அம்மா வந்துவிட்டார். குட்டி மறுத்ததையும், தாயிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னதையும் அந்தப் பிள்ளை கேட்கவில்லை. பிறகு அலமாரியைப் பூட்டிவிட்டீர்கள். அம்மாவிடம் சொல்லாதே என்ற சொல் மட்டும் அவளிடம் தங்கியிருக்கிறது. அதற்குப் பதில் அந்தப் பூட்டுக்குள் இருக்கிறது. என் தடை நீங்க எத்தனை காலம் ஆனாலும் ஆகட்டும். அதற்கு முன்பாக அந்தப் புத்தகத்தை முன்திர் அவர்களிடம் கொடுத்து, மீதியை அவரே தன் மகளுக்குப் படித்துக்காட்ட ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே படிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
ராகிப் ஷர்மான்

இடம்: கஃபர் லோஸ்
நாள்: 17.10.2018