மேசைக்குள் அகப்பட்ட சாரம்

மச்சான்,

இன்று காலை மருமகன் பொலிஷ் போடவென்று எங்கள் சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்தான். பலகைக்குள்ளே இதென்ன நீலத் துணி என்று கேட்டபடி அதை வெட்டியெடுக்கச் சவர பிளேட்டோடு குனிந்தான். நான் போட்ட சத்தத்தில் என் மனுஷி குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். துணியைக் கண்டு சிரிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. எனக்கோ கண் கலங்கிவிட்டது. அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்த மேசையை நம்பித்தானே என் கலியாணமே இருந்தது. கிளிவெட்டியில் அவளுடைய தகப்பன், அலுமாரி ஆணியொன்று தன் கோயில் வேட்டியைக் கிழித்த நாளிலிருந்து எந்தத் தச்சனையும் நம்பாதவர். வெளியில் ஓர் ஆணித்தலையும் தெரியாமல் உறுதியாக ஒரு மேசை செய்து காட்டினால் பெண் தருவாராம்; இல்லாவிட்டால் தம்பலகாமத்தில் உழவு மெசின் வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குத்தானாம். உழவு மெசினுக்கு முன்னால் என் உளி எம்மாத்திரம்!

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் போன மேசையொன்று நாம் இரண்டு பேரும் வேலை செய்த பட்டறைக்குத் திருத்த வந்திருந்தது. அதைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வித்தையைப் பிடித்தோம். மேற்பலகையைத் தாங்குகிற சட்டத்தின் உட்பக்கம் சட்டைப் பை மாதிரி ஒரு குழி. அதற்குள்ளால் திருகாணி சரிவாக ஏறி மேற்பலகையைக் கவ்வும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் சரிவாக ஏறுகிற ஆணி, சட்டத்தைப் பக்கத்துக்குத் தள்ளப் பார்க்கும். பென்சில் கோட்டை விட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் மேசை கோணல்தான். அதற்குக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பட்டறையில் இருந்த கிளாம்ப் மூன்று பக்கத்துக்குத்தான் காணும்.

பலகையின் மேல் கவிழ்த்து வைத்த சட்டத்தின் நாலாவது பக்கத்தில் நீ ஏறி உட்கார்ந்தாய். உன் உடம்புக்கு அது தாராளமாகப் போதும்.

"நான்தான் கிளாம்ப். நீ கோட்டைப் பார்த்து முறுக்கு. கதையைப் பிறகு வச்சுக்கொள்" என்றாய்.

கதைக்காமல் இருக்க என்னால் ஏலுமா? உன்னை ஒருக்கால் எழும்பச் சொல்லி, சட்டத்தைத் தூக்கிக் கோட்டுக்கு நேராக வைத்தேன். நீ திரும்ப உட்கார்ந்ததும், கலியாணத்துக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மூதூர் வரைக்கும் பெயர் சொல்லிக்கொண்டே எல்லா ஆணியையும் முறுக்கி முடித்தேன். நீ இடுப்பில் உடுத்திருந்த நீலச் சாரத்தின் கரை சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் போய் இறுகியதை இரண்டு பேருமே காணவில்லை.

பின்னேரம் மேசை பார்க்க வருவதாகச் சொன்ன அவளுடைய தகப்பன் காலை லோஞ்ச் படகிலேயே வந்து வாசலில் நின்றார். நான் துள்ளி எழும்பினேன். நீயும் எழும்பப் பார்த்து, திரும்ப உட்கார்ந்தாய். உன் முழியைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் பொருத்துக்குள் துணி கிடப்பது தெரியும், என் கலியாணம் போகும். சொல்லாவிட்டால் பெரியவரைக் கண்டும் எழும்பாத மரியாதை கெட்டவன் நீ. ஒரு கணமும் யோசிக்காமல் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. கால் பிடிச்சிட்டுது, எழும்ப ஏலாது."

அங்கேதான் பிழை வந்தது. அவர் ஊரில் மாடுகளுக்குச் சுளுக்கு எடுக்கிறவர் என்று உனக்கு நான் சொல்லவே இல்லையே! மனுஷன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உன் காலைப் பிடித்து முறுக்கின முறுக்கில், இல்லாத சுளுக்கு வந்துவிட்டது. பிறகு கக்கத்தில் கை கொடுத்து உன்னைத் தூக்கினார். நீ எழும்பினாய், சாரம் எழும்பவில்லை. இடுப்புமுடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாய்.

அவர் குனிந்து பார்த்தார். எனக்கு அந்த உழவு மெசினின் சத்தமே காதில் கேட்டது. சட்டத்தில் காலை ஊன்றி, துணியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார். சாரம் கிழிந்து கையோடு போனது. கரை மட்டும் பொருத்துக்குள்ளேயே கிடந்தது. சட்டம் கோட்டை விட்டு அசையவில்லை. மேசையின் வெளிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து ஆணித்தலை தேடினார், கிடைக்கவில்லை.

"சாரம் கிழிஞ்சுது, மேசை விடேல்லை" என்றார். "நாள் பாப்பம்."

போகும்போது கால் சுகமோ என்று உன்னை அக்கறையாகக் கேட்டார். நீயும் முகம் கோணாமல், கை வைத்த கையோடு சுகம் என்றாய். அன்று என் வேட்டியோடு கிண்ணியாவுக்குப் போய், சாரம் எங்கே என்று உன் மனுஷி கேட்டதற்கு ஒரு கிழமை பதில் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாயே.

உன்னை அடக்கம் செய்த அன்று நானும் வந்தனான். வெள்ளைத் துணியைத் தவிர ஒன்றையும் கொண்டுபோகாமல் போனாய். உன் உடுப்பெல்லாம் ஆருக்கோ கொடுத்துவிட்டார்களாம். மருமகனின் பிளேட்டை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இந்த நாலு விரல் துணி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தினமும் மூன்று நேரமும் அந்தப் பக்கத்தில்தான் இருந்து சாப்பிடுகிறேன், மச்சான். நீ இன்னும் அமத்திப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாய்.