மாடியேறிய தயிர்சாதம்

கப்பலிலிருந்து,
12.3.2004

அப்பாவுக்கு மௌலியின் நமஸ்காரம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்று எடுத்திருக்கிறார்கள். தயிர்சாதத்துக்கு இனி மெழுகுவர்த்தி ஏற்றப்படும். இதுவரை கீழ்க்கூடத்தில், பயண டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாடாகப் போட்டோம். இப்போது மேல்தளத்துத் தனி ஓட்டலில் தலைக்கு இருபது டாலர். கீழே கேட்டால் இல்லையென்று சொல்ல வேண்டும்.

"அதே குண்டான்தான கீது? படி ஏறிக்கினு போனா இருவது டாலரா?" என்றான், என்னோடு சமைக்கும் அரக்கோணத்துச் சக்திவேல். காசு ருசிக்கல்ல, தனிமைக்கு என்று மேனேஜர் விளக்கினார். எனக்கு அது இங்கே இலவசமாகவே கிடைக்கிறது.

நேற்று பல்வலியில் தாடை வீங்கிய ஒரு பயணி கீழே வந்து தட்டை நீட்டினார். திருத்தணி மலைக்கோயிலில் பிரசாதம் கொடுக்கையில், கை நீட்டியவரிடம் எந்த வரிசையில் வந்தாய் என்று நாம் கேட்டதில்லையே. அந்தப் பழக்கத்தில் இரண்டு கரண்டி வைத்துவிட்டேன். அது திருட்டாம். அவர் தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினார்கள். சோற்றைக் கொட்டிய கையோடு, வீணாக்காதீர்கள் என்று எனக்கு உபதேசம் வேறு.

கவலைப்பட ஒன்றுமில்லை. யாராவது வந்தால் விபூதியும் சேற்றுப்புண் களிம்பும் கொடுத்தனுப்புங்கள். களிம்பு பெரிய டப்பாவாக இருக்கட்டும். கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

வரும் திங்கள் முதல் பாத்திரம் கழுவும் அறையில் இருப்பேன்.

மௌலி