ழான்வியே குடும்பத்தார்

சென்ற செவ்வாய்க்கிழமை நான் ஒரு முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பென்சிலைச் சீவி, எல்லாத் தரப்பு நியாயங்களையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே எடுத்தேன். ஆவணக் காப்பகத்தின் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி.

படிவத்தில் அந்துருண்டை நாற்றம் அடித்தது. காப்பகத்தில் எல்லாவற்றிலும் அது அடிக்கிறது, பணியாளர்கள் உட்பட. அந்த நாற்றத்தோடுதான் நீ என் நினைவுக்கு வந்தாய். வரவேற்பு மேசையின் கீழ் இழுப்பறையில், விருந்தினர் பெயர் எழுதுகிற காலிச் சீட்டுகளுக்கு நடுவே அந்துருண்டை போட்டு வைத்திருப்பாய். “சீட்டப் பூச்சி தின்னுச்சுன்னா போலீசு நம்மளத் தின்னுடும்டி” என்பாய்.

புதுச்சேரியிலிருந்து கப்பலில் பல நாள் தூரத்தில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில், நம் ஹோட்டல் ஆற்றை ஒட்டிய தெருமுனையில் இருந்தது. அந்தத் தெருவுக்கு அதன் பிறகு இரண்டு முறை பெயர் மாற்றிவிட்டார்கள். வெயில் மாறவில்லை. நீ முன்னால் வரவேற்பு மேசையில். நான் உனக்குப் பின்னால், மரக் கூண்டுக்குள், தொலைபேசி இணைப்புகளைச் செருகிக்கொண்டு. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் தாள்களில் குடும்பப் பெயர் இல்லாமல் மனிதர் இருக்க முடியாது என்பதால், அந்த இடத்தில் அப்பாவை எழுதினார்கள். ஆகவே ஹோட்டலின் பணியாளர் பட்டியலில் பல வருடங்கள் என் அப்பாதான் தொலைபேசி வேலை பார்த்தார். தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிற மனிதர் அவர்.

உனக்கு அந்தத் தொல்லை இல்லை. உன் தாத்தா புதுச்சேரியில் நம் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய அன்று, குடும்பப் பெயர் ஒன்றை உடனே சொல்லும்படி குமாஸ்தா கேட்டிருக்கிறார். எதிர்ச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. அன்றுமுதல் நீங்கள் ழான்வியே குடும்பம், அதாவது ஜனவரி. இன்னும் ஒரு மாதம் கழித்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் பல பிற்பகல்கள் ஆராய்ந்திருக்கிறோம்.

ஹோட்டலில் இரவு தங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி, மாலையில் வரும் போலீஸ்காரரிடம் முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் வென்றுகொண்டிருப்பதாக அறிவித்துக்கொண்டே பெட்டி கட்டிய காலம் அது. கையெறி குண்டுக்குப் பயந்து காப்பிக் கடைகளுக்குக் கம்பி வலை அடித்திருந்தார்கள். ‘ஒவ்வொருவரும்’ என்றால் கட்டிலில் படுப்பவர்கள் என்று நம் ஹோட்டல் பொருள் கொண்டிருந்தது. அறை வாசலில் பாய் விரித்த ஆயாக்களும் மாடிப்படிக்கு அடியில் சுருண்ட டிரைவர்களும், எசமானரின் சீட்டில் ‘பரிவாரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள்.

அப்போதுதான் ஓர் அதிகாரியின் குடும்பம் கப்பலேறியது. ஆயாவைப் பிறகு அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கிளிக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த ஆயா, அஞ்சலை, துணி மூட்டையோடு தாழ்வாரத்தில் நின்றாள். மேலாளர், கோர்சிக்காத் தீவுக்காரர், மறந்துவிட்டுப் போன பொருட்களின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். குடை ஒன்று, தொப்பிப் பெட்டி ஒன்று. அடுத்த வரியில் அஞ்சலையை எழுதச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. உடைமைக்காரர் வந்து கேட்டால் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற நல்லெண்ணம்தான்.

ஆனால் வாசலில் போலீஸ் லாரி நின்றிருந்தது. அந்த வாரம் சீட்டில்லாமல் சிக்கியவர்களை அதில்தான் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டவர்களையும் ஏற்றினார்கள்.

நீ பதிவேட்டை மூடி, ஒரு காலிச் சீட்டை உருவினாய்.

“பேரு என்னா?”

“அஞ்சலைங்க.”

“அப்பா பேரு?”

“தெரியாதுங்கம்மா. நான் பொறக்கறப்பவே இல்ல.”

“ஊரு?”

“திருநள்ளாறு பக்கம்.”

குடும்பப் பெயர் இல்லாத சீட்டு செல்லாது என்று மேலாளர் உன் தோளுக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சில் நினைவூட்டினார், கொஞ்சம் சந்தோஷமாகவே. நீ பேனாவை மையில் தொட்டு ‘ழான்வியே’ என்று எழுதினாய். அறை எண் கேட்ட இடத்தில் ‘தாழ்வாரம்’ என்று எழுதினாய். எனக்குக் கூண்டுக்குள் வியர்த்துவிட்டது. உன் வேலையை நம்பி உன் வீட்டில் எத்தனை தட்டு நிறைகிறது என்பது எனக்குத் தெரியும்.

முத்திரை போட வந்த போலீஸ்காரர் புதுச்சேரி மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். சீட்டைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

“என்னாம்மா இது? ஒங்க வூட்ல அஞ்சலைன்னு யாரு?”

“சித்தப்பா மவ.”

“ஒங்கப்பா ஒத்தப் புள்ளையாச்சே.”

“அப்ப பெரியப்பா மவன்னு வச்சுக்குங்க.”

நான் சிரிப்பை அடக்கப் போய் ஒரு கர்னலின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். அவர் இன்றுவரை அது எதிரியின் வேலை என்று நம்பிக்கொண்டிருப்பார்.

“சட்டத்தோட வெளயாடாத, பாப்பா.”

“சட்டந்தான் ஒவ்வொருத்தரையும் எழுதச் சொல்லுது. எங்க தாத்தா இந்தப் பேரச் செவுத்துலேருந்து எடுத்தாரு. செவுரு என்னா எங்க சொத்தா? வேணும்னா நீங்களும் எடுத்துக்குங்க.”

அவர் வாசலைப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். அவள் மூட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தன்னைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று மட்டும் புரிந்தவளாக நின்றாள். முத்திரை விழுந்தது. “இதான் கடைசி” என்றார். மறுநாள் நீ ஒரு டிரைவர் ழான்வியேயையும் ஒரு சமையல்கார ழான்வியேயையும் அவர் முன்னால் வைத்தாய்.

சீட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த, முத்திரை விழுந்த துண்டைக் காட்டித்தான் அஞ்சலை பாலத்துக் காவலைத் தாண்டி, துறைமுகப் பக்கமான கான் ஹொய்க்குப் போனாள். துறைமுகக் கூலிகளுக்குச் சோறாக்கினாள். அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு பெண் பெற்றாள். நீ எழுதுவதை நிறுத்தவில்லை. தாழ்வாரத்தில் படுத்த ஒருவர் விடாமல் எழுதினாய். கடைசியில் மேலாளர் உன்னை வேலையிலிருந்து நீக்கினார். நீக்கியதற்கான காரணம் எழுத்தில் இருந்தது: அளவுக்கு மீறி உறவினர்களை ஹோட்டலில் தங்கவைத்தது. “எளுதிட்டாருல்ல, இனிமே அவங்க என் உறவுக்காரங்கதான்” என்று அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டாய். சந்தைப் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனாய், வாடிக்கையாளரின் வேலையாட்களுக்கும் நாற்காலி போட்டுத் திட்டு வாங்கினாய்.

பிறகு இன்னொரு போர் வந்து, அதுவும் முடிகிற நாளில், ஊரை விட்டுப் போகிறவர்களால் விமானங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. உன்னிடம் பிரெஞ்சுத் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. போய்விடு என்று நான் கெஞ்சினேன். நீ மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னாய்: “எதுக்குடி போவணும்? என் சொந்தக்காரங்க பூரா இங்கதான இருக்காங்க.”

போன மழைக்காலத்தில் உன்னைப் புதைத்தபோது அஞ்சலையின் மகள் பிள்ளைகளோடு மோட்டார் சைக்கிள்களில் வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. என்ன உறவு என்று பாதிரியார் கேட்டார். “ழான்வியே” என்றாள். பாதிரியார் அவளை முன் வரிசையில் உட்காரவைத்தார்.

இப்போது காப்பகத்தில் இடமில்லையாம். பழைய ஹோட்டல்களின் விருந்தினர் சீட்டுகளைக் கழித்துவிடப் போவதாக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். சீட்டில் பெயர் உள்ளவர்களின் குடும்பத்தார் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். தோழிகள், தொலைபேசிக் கூண்டுக்காரிகள் பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை. நீ எழுதியதெல்லாம் காகிதக் கூழாகப் போவதை நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவேதான் அந்தக் கட்டத்தின் முன்னால் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். முடிவில், அப்பாவை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தேன். ‘ழான்வியே’ என்று எழுதினேன்.

படிவத்தை வாங்கிய இளம்பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

“நீங்கள் அந்தக் குடும்பமா அம்மா? எத்தனை பேர், எவ்வளவு காலம் தங்கியிருக்கிறார்கள்! பெரிய பணக்காரர்களா?”

“பெரிய குடும்பம்” என்றேன்.

“எல்லோரும் தாழ்வாரம் என்ற இடத்தையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதுதான் அந்த ஹோட்டலிலேயே உயர்ந்த அறையோ?”

“நல்ல காற்றோட்டம்” என்றேன்.

அவள் குறித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை, திருத்தப் போவதும் இல்லை. ‘பரிவாரம்’ என்று எழுதியவர்களை யாரும் கூப்பிட்டு விளக்கம் கேட்கவில்லை. குடைக்கும் தொப்பிப் பெட்டிக்கும் கீழே ஒரு பெண்ணை எழுதச் சொன்னவர் ஓய்வூதியம் வாங்கினார். நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

உன் பேனா என்னிடம் இல்லை, நிழற்படம்கூட ஒன்றும் இல்லை. எந்தப் படிவத்தை நீட்டினாலும், வாசலில் யார் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள் என்று முதலில் எட்டிப் பார்க்கிற உன் கெட்ட பழக்கம் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் எனக்கு எந்த அலுவலகத்திலும் காரியம் சீக்கிரம் முடிவதில்லை.

ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார்கள். ழான்வியே குடும்பத்தின் சீட்டுகளைத் தனிப் பெட்டிகளில் போட்டு மேல் தட்டில் வைத்தார்கள். மற்ற விருந்தினர்களின் சீட்டுகளை வெள்ளிக்கிழமை ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.